என் நைனா முழுகவில்லை

நேவி ஆபீசரின் நினைவு நாள் பூசைக்கு நான் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு போவது கோயில் கமிட்டிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. போன வருஷம் ஒரு சின்னப் பெண்ணை அனுப்பிச் சொல்லியே விட்டார்கள்.

"ஆயா, துக்கப் பூசையாச்சே. வெள்ளையோ ஊதாவோ கட்டிக்கினு வரக்கூடாதா?"

"எனக்கு இன்னாடி துக்கம்? எனக்கு வர்றது கோவம். கோவத்துக்கு இன்னா கலரு, அதக் கேட்டுக்கினு வா" என்றேன். அவள் திரும்பி வரவில்லை.

என்னோடு கூடை தூக்கிய பெண்களே, மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் வெயிலில் என்னோடு நடந்தவர்களே, உங்களில் பாதிப் பேர் போய்விட்டீர்கள். மீதிப் பேருக்குக் காது கேட்பதில்லை. வாயால் சொன்னால் யாருக்கும் எட்டாது என்றுதான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து கொஞ்சம்தான் வரும். மறதி அதைவிடக் கொஞ்சமாக வரும்.

அந்தக் கல்லை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்துச் சுவரில், வெள்ளைப் பளிங்கில், மேலே ஒரு நங்கூரம் செதுக்கி, கீழே கறுப்பு எழுத்தில் இங்கிலீசு. முழுகப்போன ஒரு மீனவனைக் காப்பாற்றக் கடலில் இறங்கித் தன் உயிரை விட்ட ஆபீசர் என்று அதில் இருக்கிறதாம். ஆபீசர் பேர் இருக்கிறது. மீனவன் பேர் இல்லை. அந்த மீனவன் என் அப்பா, என் நைனா.

என் நைனா முழுகவில்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

எனக்கு முன்பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயது. ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம். கறி தின்னாதவர்கள் மீன் தின்னும் காலம் என்பதால் என் அம்மாவுக்கு நல்ல யாவாரம். விடிந்ததும் கரையில் பெரிய வலை போடுவார்கள். பெரிய வலையை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். வலையைக் கடலில் வளைத்து விட்டுவிட்டு, கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். இழுப்பவர்களுக்கு மீன் தெரியாது. உள்ளே கட்டுமரத்தின்மேல் ஒரே ஒரு ஆள் நிற்பார். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் கூட்டம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கூட்டத்தை மாப்பு என்போம். மாப்பைக் கண்டதும் சிவப்புத் துணியைத் தலைக்குமேல் வீசிக் காட்டுவார். மீன் வலையின் வாயைத் தாண்டி நழுவப் பார்த்தால், துணியைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்து, கையாலும் காலாலும் அடித்துக் கலக்கி, அதை உள்ளே விரட்டுவார். மீன் காட்டுவது என்று அதற்குப் பெயர். குப்பத்தில் யார் வேண்டுமானாலும் வலை இழுக்கலாம். மீன் காட்டுவது ஒருவர்தான். எங்கள் குப்பத்தில் அது என் நைனா. துணி, என் அம்மாவின் கல்யாணப் புடவையில் கிழித்தது.

அந்த ஆபீசர் லீவில் மாமனார் பங்களாவுக்கு வந்திருந்தார். உயரமான ஆள். காலையில் ஒரு பழுப்பு நாய்க்குட்டியோடு மணலில் நடப்பார். எங்களைப் பார்த்தால் தொப்பியைத் தூக்குவார். எங்களுக்கு யாரும் தொப்பி தூக்கியதில்லை, அதனால் பிள்ளைகள் எல்லாம் அவரை மறுபடி மறுபடி கடந்து ஓடுவோம். நல்லவர். அவரோடு எனக்குச் சண்டை கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை நைனா துணியை வீசினார். கயிற்றில் நின்றவர்கள் "ஏலோ" என்று இழுக்க ஆரம்பித்தார்கள். பிறகு நைனா குதித்தார். தண்ணீரை அடி அடி என்று அடித்தார். நுரை பறந்தது. நான் மணலில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தேன். என் பின்னால் நாய் குரைத்தது. திரும்பினால் ஆபீசர் ஓடி வருகிறார். ஓடிக்கொண்டே ஒரு செருப்பை உதறினார், கொஞ்சம் தள்ளி மற்றதை உதறினார்.

"யோவ், அந்தாளு இன்னாத்துக்கு எறங்கறான்?"

"சார்! வேணாம் சார்! மீனு சார், மீனு!"

கயிற்றில் நின்றவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். அவருக்கு எங்கள் பேச்சு தெரியாது. காப்பாற்று என்று கதறுகிறார்கள் என்றே நினைத்திருப்பார். எங்கள் கரையில் ஒரு இடத்தில் தண்ணீர் உள்பக்கமாக இழுக்கும். பார்வைக்கு அலையே இல்லாமல் தெளிவாக, இறங்குவதற்குத் தோதாக இருக்கும். எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே அங்கே போகக்கூடாது என்று அடி வாங்கியிருப்பார்கள். அவர் நேராக அங்கேதான் இறங்கினார்.

நைனா பார்த்துவிட்டார். மாப்பை விட்டார், வலையை விட்டார். ஆபீசரைப் பிடிக்கப் பாய்ந்தார். முங்கினார், வந்தார், மறுபடி முங்கினார். தன் கண்ணெல்லாம் ரத்தமாகச் சிவக்கும் வரைக்கும் தேடினார். கிடைக்கவில்லை. பிறகும் கிடைக்கவே இல்லை. மணலில் அந்த இரண்டு செருப்பும் ஒன்றுக்கொன்று தூரத்தில் கிடந்தன. நாய்க்குட்டி ஒரு செருப்பை வாயால் இழுத்து மற்றதன் பக்கத்தில் சேர்த்துவிட்டு, நடுவில் உட்கார்ந்துகொண்டது.

ஜீப்புகள் வந்தன. வெள்ளை உடுப்புக்காரர்கள் வந்தார்கள். கோயில் உபதேசியாருக்கு இங்கிலீசு தெரியும் என்று அவரை அழைத்து வந்தார்கள். நைனா நனைந்த கோவணத்தோடு நடுங்கிக்கொண்டு நின்றார். பக்கத்தில் குப்பத்துத் தலைவர். நான் நைனாவின் காலைக் கட்டிக்கொண்டு கீழே இருந்தேன். அதனால்தான் பார்த்தேன்.

"எதுக்காகத் துணி வீசினாய் என்று கேட்கிறார்கள்" என்றார் உபதேசியார்.

"சாமி, மாப்பு வந்துச்சு, அதுக்கோசரம்..."

தலைவர் தன் கால் கட்டைவிரலை நைனாவின் பாதத்தின்மேல் வைத்து அழுத்தினார். பாதம் மணலுக்குள் போனது.

"முழுகிட்டான் சார்" என்றார் தலைவர். "மரம் கவுந்துட்ச்சு. காப்பாத்துங்கோன்னு துணியக் காட்டினான். அந்த மவராசன் தான் உயிரக் குடுத்து இவனத் தள்ளிவுட்டாரு."

உபதேசியார் அதை இங்கிலீசில் சொன்னார். வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர் என் நைனாவின் தோளைத் தட்டிக் கொடுத்தார். அந்தத் தட்டலோடு என் நைனா முழுகியவர் ஆனார்.

சாயந்திரம் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"தோ பாரு, மீனுக்குத் துணி காட்டினோம், அதப் பாத்து ஆபீசர் செத்தார்னு சொன்னா, நாளைக்கு இந்தக் கரையில வலையே போட வுடமாட்டான். பங்களாக்காரனுங்க ஏற்கெனவே கருவாட்டு நாத்தம்னு நம்ம மேல கடுப்புல கீறானுங்க. ஒரு வார்த்த. அத்தால ஒனக்கு இன்னா கொறஞ்சு பூடும்?"

அடுப்படியிலிருந்து அம்மா பேசினாள்.

"கொறையாதுன்னா நீயே முழுகினேன்னு சொல்லிக்கினு இருக்கலாமே மாமா?"

தலைவர் சிரித்தார். "ஒம் பொண்டாட்டிக்கு வாய் ரொம்பக் கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். என் அம்மா கேட்டதற்கு இன்றைக்கு வரை அந்தக் குடும்பத்தில் யாரும் பதில் சொல்லவில்லை.

கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிவிடும் என்று நைனா நினைத்தார். தப்புக் கணக்கு. கயிற்றில் நின்ற அத்தனை பேருக்கும் உண்மை தெரியும். கண்ணால் பார்த்தவர்கள். ஆனாலும் ஜீப்புக்காரர்களிடம் சொன்னார்கள், பங்களாவில் சொன்னார்கள், பூசையில் சாமியார் பிரசங்கத்தில் சொல்லக் கேட்டார்கள். வாயில் நாள்பட்டுக் கிடந்தது மனசுக்கும் இறங்கிவிட்டது. முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது.

"மாமா, கால் கழுவப் போறதுன்னா சொல்லிட்டுப் போ. ஆள் அனுப்பறோம்."

"மச்சான், மழை வருது, உள்ள போ. முழுகிடப் போற."

பிறகு கிண்டல் போய்ப் பயம் வந்தது. கடல் ஒருத்தனைக் கேட்டு, பதிலுக்கு இன்னொருத்தனை வாங்கிக்கொண்டால், முதல் ஆளை மறுபடி கேட்கும் என்று யாரோ கிளப்பினார்கள். அவரைக் கட்டுமரத்தில் ஏற்றினால் கூட இருப்பவனுக்கும் ஆபத்தாம். யார் கிளப்பினார்கள் என்று கேட்காதீர்கள். மறுவாரமே மீன் காட்டுவதற்குத் தலைவர் தானே மரம் ஏறினார். அதில் இருந்தே தெரிந்துகொள்ளுங்கள். என் நைனாவைக் கயிற்றின் வால்பக்கத்தில், பல்லுப்போன கிழவர்களோடு, இழுத்த கயிற்றைச் சுருட்டி வைக்கும் வேலையில் விட்டார்கள். நைனா தன்னுடைய கட்டுமரத்தை அவிழ்த்துக் கட்டைகளை மேட்டில் போட்டார். அப்படியே கிடந்தன. வெயிலில் வெடித்தன.

ஞானோபதேச வகுப்பில் சிஸ்டர் என்னை எழுப்பி நிற்க வைத்தார். "இவளோட அப்பாவுக்காக ஒரு நல்ல மனிதர் உயிரையே கொடுத்தார். இவளோட அப்பா அந்த உயிருக்குத் தகுந்தபடி வாழணும்னு எல்லாரும் ஜெபம் பண்ணுங்க." எல்லாப் பிள்ளைகளும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. ஜெபித்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அம்மாவோடு கூடைக்குத் துணையாக ஆழ்வார்பேட்டை போவேன். அங்கே ஒரு வக்கீல் வீடு. சங்கரா மீன் என்றால் அந்த அம்மாவுக்கு உயிர். ஒருநாள் மீனைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "உன் வீட்டுக்காரனைத்தானே அந்த ஆபீசர் காப்பாத்தினார்? பாவம், எப்பேர்ப்பட்ட குடும்பம் அது!" என்றார்.

அம்மா கூடையை மூடினாள். "எங்க வூட்டுக்காரரு மீன் காட்டினாரும்மா. ஒங்க ஆபீசரு தப்பாப் பாத்துட்டாரு. முழுகறவனுக்கும் மீன் காட்டறவனுக்கும் வித்தியாசம் தெரியாதவங்க கடலாண்ட வரக்கூடாது."

"செத்தவரைப் பத்தி இப்படியா பேசுவே?"

"உசுரோட கீறவரப் பத்தி நீங்க பேசலாமா?"

அந்த வீட்டுக் கதவு அதற்குப் பிறகு எங்களுக்குத் திறக்கவில்லை. திரும்பும்போது அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. அழுகிறாளா என்று பார்த்தேன். இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பல் எனக்கும் வந்திருக்கிறது.

மாதா திருநாள் கொடி ஏறும் சமயத்தில் கல் வந்தது. வைக்கோல் சுற்றி, மாட்டு வண்டியில். திறப்புக்கு நேவிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள். ஆபீசரின் மனைவி கறுப்புக் கவுனில் வந்தார். தலைவருக்கு முன்வரிசையில் நாற்காலி. ஊரின் சார்பாகத் துணை நின்றவர் என்று சாமியார் அவருக்குச் சிவப்புச் சால்வை போர்த்தினார். ஜரிகை வைத்த சால்வை. என் நைனாவுக்கு ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்து, மெழுகுவத்தியோடு கல்லுக்கு அடியில் நிற்க வைத்தார்கள். பொத்தான் போடத் தெரியாமல் மேலும் கீழுமாகப் போட்டிருந்தார். அம்மா வரவில்லை.

ஆபீசரின் மனைவி எழுந்து வந்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ சொன்னார். "உன்னைப் பார்த்தால் என் கணவரையே பார்ப்பது போல இருக்கிறது என்கிறார்கள்" என்றார் உபதேசியார். நைனா குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அன்றைக்கு எனக்கு அவர்மேல்தான் ஆத்திரம். சொல்லேன், வாயைத் திறந்து சொல்லேன் என்று மனசுக்குள் கத்தினேன். கோழை என்று நினைத்தேன். இப்போது நானும் தாலி அறுத்தவள். இப்போது தெரிகிறது. உன் புருஷன் ஒன்றுமில்லாததற்குச் செத்தான் என்று அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எப்படிச் சொல்வார்? தலைவரின் கட்டைவிரல் ஒருமுறைதான் அழுத்தியது. அந்த அம்மாளின் கை ஆயுசுக்கும் அழுத்திவிட்டது. இரண்டுக்கும் சேர்த்துத் தலைவர்தான் எனக்குக் கடன்பட்டவர்.

பூசை முடிந்து எல்லோரும் கடற்கரைக்கு வந்தார்கள். மலர் வளையத்தை அலை தாண்டிப் போய் மிதக்கவிட வேண்டும். எடுத்துப் போனவர் தலைவர். சால்வையை எடுத்து வைக்கக்கூட மனசில்லாமல், கழுத்தில் சுற்றிக்கொண்டே மரத்தைத் தள்ளினார். காலையில் பூசைக்கு முன்னாடியே வலை விட்டிருந்தார்கள். சடங்கு முடியட்டும் என்று இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றோடு சும்மா நின்றார்கள். பல நாளாக மீனே இல்லாத பருவம் அது.

தலைவர் வளையத்தைத் தண்ணீரில் வைத்தார். நிமிர்ந்தார். அப்படியே நின்றுவிட்டார். நானும் பார்த்தேன். அவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் கறுத்து, சிலிர்த்து, வலையின் வாய்ப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. கானாங்கத்தை மாப்பு. அவ்வளவு பெரிய மாப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கரையில் நேவி நிற்கிறது, ஆபீசர் மனைவி நிற்கிறார், தான் சொன்ன பொய் கல்லில் ஏறி இன்னும் ஈரம் காயவில்லை என்பதெல்லாம் அவருக்கு நினைவு இருந்திருக்கும். ஆனால் மாப்பைக் கண்டவன் கை சும்மா இருக்காது. கழுத்துச் சால்வையை உருவினார். தலைக்குமேல் வீசினார். மீன் வலையின் வாயைத் தாண்டி நழுவப் பார்த்தது. குதித்தார். அடித்தார்.

கயிற்றுக்காரர்களுக்கு இழுக்கக் கை வரவில்லை. ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்தான். வெள்ளை உடுப்புக்காரர்கள் என்னவென்று புரியாமல் நின்றார்கள். நான் எழுந்தேன். தொண்டை கிழியக் கத்தினேன்.

"முழுகறாரு! தலைவரு முழுகறாரு! காப்பாத்துங்கோ!"

உபதேசியார் என்னைப் பார்த்தார். அவருக்கும் எல்லாம் தெரியும். ஒரு மூச்சு விட்டுவிட்டு அதை அப்படியே இங்கிலீசில் சொன்னார். ஏன் சொன்னார் என்று அவர் சாகும் வரை நான் கேட்கவில்லை. அவருக்கும் எங்கேயோ அரித்திருக்கிறது.

நேவிக்காரர்கள் ஓடினார்கள், ஆபீசரை விழுங்கிய அந்தத் தெளிந்த தண்ணீரைப் பார்த்தே ஓடினார்கள். அப்போது அவர்களுக்கு முன்னால் ஒருவர் பாய்ந்தார். வெள்ளைச் சட்டையும் தப்புப் பொத்தானுமாக என் நைனா.

"இப்படி வா சார்! அங்க வேணாம், இப்படி!"

கையை விரித்து அவர்களை மறித்து, வடக்கே திருப்பி, மணல்மேட்டு வழியாக அழைத்துப் போனார். முன்னால் அவர் நீந்தினார். தண்ணீரை அவர் கிழித்ததாகவே தெரியவில்லை, தண்ணீர் அவருக்கு ஒதுங்கிக்கொண்டது. பயிற்சி பெற்ற அத்தனை பேரும் பின்னால் தங்கினார்கள். நைனா போய்த் தலைவரின் குடுமியைப் பிடித்தார்.

"வுட்றா, டேய், மீனு, மீனு போவுது!" என்று தலைவர் அலறியது கரைக்குக் கேட்டது. நேவிக்காரர்களுக்கு அது உயிர்ப் பயத்தில் உளறுவதாகப் பட்டிருக்கும். நான்கு பக்கமும் பிடித்துத் தூக்கி வந்தார்கள். மணலில் குப்புறப் போட்டு, ஒருவர் முதுகில் ஏறி உட்கார்ந்து அழுத்தினார். காலையில் சாமியாரோடு தின்ற இட்லி வெளியே வந்தது. மாப்பு போயே போய்விட்டது.

பெரிய ஆபீசர் குனிந்து ஏதோ கேட்டார். "என்ன ஆயிற்று என்கிறார்கள்" என்றார் உபதேசியார். தலைவர் வாயைத் திறந்தார். நான் போய் அவர் பக்கத்தில் நின்று, என் காலை அவர் கால் கட்டைவிரல்மேல் வைத்தேன். சின்னக் கால்தான். இருந்த பாரம் எல்லாம் வைத்து அழுத்தினேன். அவர் என்னைப் பார்த்தார்.

"முழுகிட்டேன் சார்" என்றார்.

குப்பமே கேட்டது. கயிற்றின் வாலில் இருந்த ஒரு கிழவர் முதலில் சிரித்தார். அடக்கப் பார்த்து, இருமி, மறுபடி சிரித்தார்.

ஆபீசர் மனைவி சிரிக்கவில்லை. அலையில் மிதந்து வந்த சிவப்புச் சால்வையைப் பார்த்தார். கயிற்றைப் பிடித்தபடி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு ஈரம் சொட்ட நின்ற என் நைனாவை ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த வருஷம் வந்தபோது நைனாவின் கையைப் பிடிக்கவில்லை, எதிரே நின்று கைகூப்பினார். என் நைனாவும் கூப்பினார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது அத்தோடு முடிந்தது.

அன்று சாயந்திரம் நைனா என்னைக் கூப்பிட்டார். "நீதான் கத்தினியா?"

"ஆமா."

அடி விழும் என்று நின்றேன். அவர் மேட்டுக்குப் போய்க் கட்டைகளை உருட்டி எடுத்து, ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தார். அம்மா பெட்டியிலிருந்து மிச்சப் புடவையை எடுத்து, பல்லால் கடித்து இன்னொரு துண்டு கிழித்தாள். மறுநாள் அவர் மீன் காட்டப் போனார். முழுகியவன் மரம் ஏறக்கூடாது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. சொன்னால் தலைவரும் ஏறக்கூடாதே.

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதை நான் சொன்னதே இல்லை. பாவம் என்று தோன்றினால்தானே சொல்வதற்கு?

கல் மட்டும் அப்படியே இருக்கிறது. பங்களாக்கள் போய் அடுக்குமாடி வந்துவிட்டது. பெரிய வலையும் போய்விட்டது. தலைவரின் பேரன் இப்போது கோயில் கமிட்டித் தலைவர். இந்த வருஷம் என் வீட்டுக்கு இனிப்பு டப்பாவோடு வந்தான்.

"அத்தே, அந்த இங்கிலீசு கல்ல யாரும் படிக்கறதில்ல. கீழ தமிழ்ல ஒரு கல் வெக்கலாம்னு கீறோம். ஒங்க நைனா பேரயே போட்டுடறோம். இன்னார்னு தெரியட்டும். சந்தோசமா?"

"காப்பாத்தப்பட்டவர்னு போடுவியா?"

"ஆமா, பின்ன?"

"போடு. ஆனா ரெண்டு பேரு போடணும். முழுகினேன்னு தன் வாயாலயே சொன்னவரு ஒங்க தாத்தா. நேவிக்காரங்கதான் அவரத் தூக்கியாந்தாங்க, குப்பமே பாத்துச்சு. அவரு பேரு மொதல்ல, எங்க நைனா பேரு அப்பால. இல்லன்னா, ரெண்டு பேரும் மீன் காட்டினாங்கன்னு போடு. எது ஒனக்கு வசதி?"

அவன் முகம் அவன் தாத்தா மணலில் கிடந்தபோது இருந்த மாதிரியே ஆனது. இனிப்பு டப்பாவை வைத்துவிட்டுப் போனான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள்.

கல் பதிக்க அதற்கு முன்பே சுவரில் ஓட்டை போட்டிருந்தார்கள். ஆணி ஏறாமல் அந்த ஓட்டைகள் வாயைத் திறந்துகொண்டு இருக்கின்றன. நான் இருக்கும் வரைக்கும் அப்படித்தான் இருக்கும். வருகிற நினைவு நாளிலும் முன்வரிசையில், அவனுக்கு நேர் எதிரே, சிவப்புப் புடவையில் உட்கார்ந்து அந்த ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.